மழைமானிக்குப் போகாத பதினாறு நாள்

கரியமாணிக்கத்தில் இருபது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையிலிருந்து விவாகரத்து நோட்டீஸ் வரைக்கும் இந்த ஊரில் என் கண்ணில் படாமல் போன காகிதம் கிடையாது. அதனால் ஊர் ரகசியம் எல்லாம் எனக்குத் தெரியும் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. போன தை மாதம் காசம்மாள் அக்கா கடைக்கு வந்து கேட்ட ஒரு கேள்வியில் அந்தத் திமிர் போனது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை, மூன்று நாள் எனக்குச் சோறும் இறங்கவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. எட்டாவது வரைக்கும் படித்தவர். நடவுக்கு மெஷின் வந்த பிறகு களையெடுப்பு, கரும்பில் காய்ந்த சோகை உரிப்பு, நூறு நாள் வேலை என்று எது கிடைக்கிறதோ அதற்குப் போவார். ஆனால் எங்கே வேலை என்றாலும் காலை எட்டரை மணிக்கு அய்யனார் திடலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். அங்கேதான் மழைமானி இருக்கிறது. முழங்கால் உயரத்தில் ஒரு உருளை, அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில். முந்தின நாள் பெய்த மழை அந்தப் பாட்டிலில் நிற்கும். அதைக் கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்து முட்டை போட வேண்டும். சித்திரை வைகாசியில் அறுபது நாள் தொடர்ந்து முட்டை போடுவதற்காக வெயிலில் நடந்து போகிற ஒருவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். கேலியும் செய்திருக்கிறேன்.

இதை இங்கே கொண்டுவந்து வைத்தவர் முத்துக்குமரன் சார். பாண்டியில் ஒரு கல்லூரியில் புவியியல் வாத்தியார். பதினேழு வருடம் முன்பு முதலில் பள்ளிக்கூடத்தில் வைத்தார். நாலாவது நாள் புனலைக் காணோம். அப்புறம் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் வைத்தார். ஆடு முட்டிச் சாய்த்தது. கடைசியில் அய்யனார் திடலில் வைத்தார். அய்யனார் இடத்துப் பொருளில் கை வைத்தால் கை விளங்காது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருட்டுப் பயம் அதோடு தீர்ந்தது. பார்த்து எழுத ஆள்தான் கிடைக்கவில்லை. பட்டம் படித்த இரண்டு பேர் ஒரு மாதத்தில் ஓடிவிட்டார்கள். அப்போது திடலைக் கூட்டிக்கொண்டிருந்த அக்கா, "நான் பாக்கறன் சார்" என்றார். அன்று ஆரம்பித்ததுதான்.

மாசக் கடைசியில் நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவேன். அது முத்துக்குமரன் சாருக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவில் ஒரு சங்கத்துக்குப் போகும். மழையையும் காற்றையும் ஆராய்கிற சங்கம். உலகம் முழுக்க இந்த மாதிரி சம்பளம் இல்லாமல் மழை பார்க்கிறவர்களை அது சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சங்கம் இருக்கிற நாட்டில் இன்னும் ராஜா இருக்கிறார். நாட்டின் பெயர் அக்காவின் வாயில் நுழையவில்லை. என் வாயிலும் முழுதாக நுழையவில்லை என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

அக்காவிடம் யாராவது, "இன்னிக்கி மழ வருமா?" என்று கேட்டால், "வர்றது எனக்கு இன்னா தெரியும், வந்ததுதான் தெரியும்" என்பார். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து நேற்று நல்ல மழை, பத்து சென்டிமீட்டர் இருக்கும் என்று அளந்துகொண்டிருந்தால், நின்றுகூடப் பார்க்காமல், "முப்பத்தெட்டு மில்லி" என்று சொல்லிவிட்டுப் போவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்தச் சங்கத்துக்கு இருநூறு வயது ஆகிறதாம். அரண்மனையில் விழா. ராஜாவே தலைமை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரு நாள்கூட விடாமல் மழை பார்த்த பன்னிரண்டு பேருக்கு அவர் கையால் பட்டயம். அதில் நம் காசம்மாளும் ஒருத்தர் என்று மார்கழியில் கடிதம் வந்தது. விமான டிக்கெட் அனுப்புகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். அக்கா யோசிக்கவே இல்லை. "பத்து நாளு நான் அங்க போயிட்டா இங்க மழய யாரு பாப்பாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தெரிந்தது, பன்னிரண்டு பேரில் ஏழு பேர் இதே பதிலைத்தான் எழுதியிருந்தார்களாம். அந்த ஏழு பேரும் அவரவர் ஊரிலிருந்தே திரையில் வந்து கலந்துகொள்ளலாம் என்று முடிவானது. எங்களுக்குப் பள்ளிக்கூட ஹாலில் ஏற்பாடு. அங்கே காலை பதினொன்று என்றால் இங்கே சாயங்காலம் மூன்றரை.

ஊர் சும்மா இருக்குமா. கடைத்தெருவில் பதினைந்து அடிக்குப் பேனர் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் ராஜா, ஒரு பக்கம் அக்கா, நடுவில் 'ஒரு நாளும் தவறாத உழைப்பு' என்று என் கையால் அடித்துக் கொடுத்த வரி. கீழே வழக்கம்போல் இருபது முகம். அக்கா அந்தப் பேனரைத் தாண்டும்போது எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடக்கம் என்று நினைத்தேன்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மத்தியானம் கடைக்கு வந்தார். யாரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஜெராக்ஸ் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ராஜாகிட்ட பொய் சொன்னா இன்னா பண்ணுவாங்க?"

"அது அந்தக் காலம்க்கா. இப்ப ராஜா கையெழுத்து போடுறதோட சரி. இன்னா பொய் சொல்லப் போற நீ?"

"சொல்லியாச்சி. ஒம்போது வருசம் ஆவுது."

முகத்தைப் பார்த்தேன். அக்கா விளையாடவில்லை.

ஒன்பது வருடம் முன்பு கார்த்திகையில் அவர் புருஷன் பலராமன் செத்துப்போனார். கரும்பு லோடு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். வண்டியிலிருந்து இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பால் தெளித்த மறுநாள் புயல். ஏரி தளும்பி, வயலும் ரோடும் ஒன்றாகி, மூன்று நாள் கரண்ட் இல்லை. அந்த மாசக் கடைசியில் அக்கா நோட்டைக் கொடுத்தனுப்பினார். வாங்கிப் புரட்டினால் ஒரு நாள்கூட விடுபடவில்லை. புயல் அன்றைக்கு 312 மில்லி என்று எழுதியிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புருஷன் செத்து நாலாவது நாள், இடுப்பளவு வெள்ளத்தில் போய் மழை பார்த்திருக்கிறாள் ஒரு பொம்பளை என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொன்னேன். முத்துக்குமரன் சாரிடமும் போனில் சொன்னேன். அவர் அதை அறிக்கையில் எழுதி, அது சங்கத்துக்குப் போய், இப்போது ராஜா வாசிக்கப்போகிற பாராட்டு உரையிலேயே அந்தக் கதை வருகிறது. ஒருவர்கூட அக்காவிடம் போய், நீ நிஜமாகப் போனாயா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"செத்த வூட்டுத் தீட்டோட அய்யனாரு எடத்துல எப்டிப்பா காலு வைப்பன்?" என்றார் அக்கா. "பதினாறு நாளும் நான் வாசப்படி தாண்டல. கருமாதி முடிஞ்சி, தலைக்குத் தண்ணி ஊத்திக்கினுதான் போனன்."

எனக்குத் திக்கென்றது. இது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா. எங்கள் பெரியப்பா செத்தபோது நானே பதினாறு நாள் அந்தத் திடல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லையே.

"வேற யாரயாச்சும் பாக்கச் சொல்லியிருக்கலாமேக்கா."

"ஜாடி எங்க வூட்ல இருந்துது. நோட்டு எங்க வூட்ல இருந்துது. செத்த வூட்டு சாமான எவன் எடுத்துக்கினு அய்யனாருகிட்ட போவான்?"

"அப்ப அந்த முந்நூத்திப் பன்னெண்டு?"

"அரிசி டின்ன காலி பண்ணி தோட்டத்துல வச்சன். எம் பொண்ணு சுகு ஸ்கூலு ஸ்கேல வச்சி அளந்தன். கூரைத் தண்ணி விழாத எடமாப் பாத்து, நடுத்தோட்டத்துல. பொழுதுக்கும் நின்ன தண்ணிய காலையில எட்டரைக்கு அளந்து ஊத்திடுவன். புயலு அன்னிக்கி ஸ்கேலு முழுகி மேல ஒரு வெரக்கட இருந்துது. சுகுதான் கூட்டிச் சொன்னா."

மழை எங்கே பெய்தாலும் மழைதானே என்று அப்போது நினைத்தாராம். மூன்று வருடம் கழித்து பாண்டியில் ஒரு பயிற்சிக்கு அழைத்துப்போனார்கள். அங்கே முத்துக்குமரன் சார் எல்லோருக்கும் சொன்னார்: ஒரே இடம், ஒரே கருவி, பத்தடி நகர்த்தினாலும் எழுதி வைக்க வேண்டும், எழுதாமல் விட்டால் அது திருட்டுக் கணக்கு. அன்று வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாசக் கடைசியும் என் கடை வரைக்கும் வந்து, நோட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். ஆறு வருடம்.

"சொன்னா மானியப் புடுங்கிக்கினு போயிடுவாங்களான்னு பயம்பா. இப்ப அத்தவிட பெருசா இருக்குது பயம். பதினாறு நாளுக்காவ பதினேழு வருசத்தையும் கிழிச்சிப் போட்டுட்டா? வெயில்ல போயி முட்ட போட்டது, காய்ச்சலோட போனது, எல்லாம் பொய்யின்னு ஆயிடுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. ஊர் முழுக்கத் தமுக்கு அடித்தவன் நான்தானே.

முத்துக்குமரன் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அக்கா எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தரம் பார்த்தேன்.

"ரெண்டு நாள் இருக்கு. இப்ப வந்து சொல்றீங்களே காசம்மா."

"தப்புதான் சார்."

"அந்த முந்நூத்திப் பன்னெண்ட வச்சி நான் கட்டுரை எழுதியிருக்கேன். அந்தச் சங்கத்துல என்னை உறுப்பினரா எடுத்திருக்காங்க. இது தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" அவரும் பாவம், கெட்டவர் இல்லை. அக்காவின் பெயர் மேலே போனதே அவர் எழுதிய எழுத்தால்தான். "இப்ப ஒண்ணும் பேச வேணாம். நீங்க நன்றின்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும், நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கிறேன். விழா முடியட்டும். அப்புறம் நானே முறையா கடிதம் எழுதுறேன்."

"அப்பறம்னா, ராஜா கையால வாங்கினப்பறமா சார்?"

சார் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவின் மகள் சுகன்யா கடைக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அரியூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாதுவான பெண்தான். அன்று மட்டும் சாமி வந்தவள் மாதிரி நின்றாள். "மாமா, நீங்க சொன்னா அம்மா கேக்கும். எங்க வார்டே அந்த நிகழ்ச்சிய பாக்கப்போவுது. எங்கப்பா செத்த கதய உலகம் முழுக்க சொல்லி, அப்பறம் அது பொய்யின்னு சொன்னா எங்க மூஞ்ச எங்க வைக்கிறது?" அவள் சொன்னதும் நியாயமாகவே பட்டது. சரி பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

விழா அன்று அக்கா எட்டரைக்குத் திடலுக்குப் போய் முட்டை போட்டுவிட்டு வந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கே ஹால் நிறைந்துவிட்டது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து ஊரான பண்டசோழநல்லூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முத்துக்குமரன் சார் கோட்டு போட்டு, வியர்த்து வழிந்துகொண்டு, மைக் பக்கத்தில் அக்காவை உட்கார வைத்தார். ராஜா பேசி முடிக்கும்வரை பேசக் கூடாது, குறுக்கே எழுந்திருக்கக் கூடாது என்று பத்துத் தரம் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அரக்குச் சேலையின் முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

திரையில் அரண்மனை வந்தது. ராஜாவைப் பார்த்ததும் ஹாலில் ஒரு ஏமாற்றம் பரவியது. கிரீடம் இல்லை. கண்ணாடி போட்ட, உயரமான பெரியவர். நம் போஸ்ட் மாஸ்டர் மாதிரி இருக்கார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பக்கத்தில் சங்கத்தின் தலைவி, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய வயதான அம்மாள், காதில் மெஷின். மற்ற நாடுகளிலிருந்து சேர்ந்துகொண்டவர்கள் கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள். ஒரு கட்டத்தில் ஒரு கிழவர் தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு வருடமாக மழையும் பனியும் பார்க்கிறவர், இருப்பதிலேயே மூத்தவர் என்று சார் சொன்னார்.

முதலில் இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது அக்கா. எங்களைப் பெரிதாகத் திரையில் போட்டதும் ஹாலில் விசில். சார் கையைக் காட்டி அடக்கினார். ராஜா ஒரு காகிதத்தை எடுத்து நிதானமாக வாசித்தார். சார் அதைத் தமிழில் சொன்னார்.

"கணவரை இழந்த அதே வாரத்தில், புயல் வெள்ளத்தில் ஒவ்வொரு நாளும் நடந்து சென்று, தன் கடமையை ஒரு நாளும் கைவிடாத இந்தப் பெண்மணிக்கு எங்கள் சங்கம் தலைவணங்குகிறது."

கைதட்டல் ஓய்ந்தது. ராஜா ஆவலோடு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சார் மைக்கை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

அக்கா எழுந்து நின்றார். நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துடுக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். சத்தியமாக அதைத்தான் கெஞ்சினேன்.

"ஐயா, கும்புடுறன். நீங்க படிச்சது நடக்கல. எங்க வூட்டுக்காரரு செத்த பதினாறு நாளும் நான் மழமானிகிட்ட போவல. தீட்டோட அங்க போவக் கூடாது. வூட்டுத் தோட்டத்துல ஒரு டின்ன வச்சி அளந்து எழுதினன். அத்த யாருகிட்டயும் சொல்லல. அதுதான் என் தப்பு. மத்த நாளு எல்லாம் சத்தியமா மானியில பாத்ததுதான்."

சார் மைக்கைத் தன் பக்கம் இழுத்து இங்கிலீஷில் பேசினார். நான் படிவம் நிரப்புகிற அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவன். மிகுந்த நன்றி என்பது காதில் விழுந்தது. என் கிராமம் என்பது விழுந்தது. பெரிய கௌரவம் என்பதும் விழுந்தது. பதினாறு என்கிற எண் வரவே இல்லை. ராஜா புன்னகை செய்தார். அரண்மனையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா திரையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"சார், இவங்க ஏன் சிரிக்கிறாங்க?"

சார் கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார்.

"நான் சொன்னத கேட்டா எவனாச்சும் கை தட்டுவானா? சொன்னீங்களா இல்லியா?"

"காசம்மா, உக்காருங்க. அப்புறம் பேசலாம்."

அக்கா முன்வரிசையில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். வா என்று கூப்பிடவில்லை. வெறுமனே பார்த்தார். சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். அரண்மனையில் ராஜா பட்டயத்தைக் கையில் எடுத்துவிட்டார். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைத் தூக்கி எங்களுக்குக் காட்டப்போகிற நேரத்தில் சுகன்யா எழுந்தாள். போய் மைக்கைப் பிடித்தாள். வார்டில் டாக்டரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி, சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னாள். அப்பா இறந்தது, தீட்டு, தோட்டம், டின், பதினாறு நாள். சொல்லும்போதே அழுதாள். அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

ராஜாவின் கை அப்படியே நின்றது. சார் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

அந்தத் தலைவி அம்மாள் காது மெஷினைத் திருகிவிட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்து ஏதோ கேட்டார். சுகன்யா அதைத் தமிழில் சொன்னாள்.

"பாத்திரம் எப்டி இருந்துதுன்னு கேக்குறாங்கம்மா. அடியும் வாயும் ஒரே அகலமா, இல்ல வாயி குறுகலா?"

"ஒரே அகலம். நேரா இருக்கும். எவர்சில்வரு அரிசி டின்னு."

"எங்க வச்சியாம்? மரம், செவுரு ஏதாச்சும் பக்கத்துல இருந்துதா?"

"முருங்க மரம் பத்தடி தள்ளி இருந்துது. புயலுக்கு அது முதல் நாளே சாஞ்சிடுச்சி. அத்தயும் சொல்லு."

அந்த அம்மாள் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அக்கா பதில் சொன்னார். ராஜா, விழா, இவ்வளவு கூட்டம் எல்லாம் இருக்க, இரண்டு பேரும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் மாதிரி டின்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் சொன்னதைச் சுகன்யா தமிழில் சொன்னாள். பதினாறு நாளையும் தனியாகக் குறித்து, வேறு இடம், வேறு பாத்திரம் என்று எழுதி வைப்பார்கள். மற்ற நாள் எல்லாம் அப்படியே நிற்கும். ஆனால் ஒரு நாளும் விடாத என்று எழுதிய பட்டயத்தை இப்போது கொடுக்க முடியாது. அது சரியாக இருக்காது.

ராஜா பட்டயத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"கிழிக்க மாட்டாங்க இல்ல?" என்று அக்கா மகளிடம் கேட்டார். "மத்த நாளு எல்லாம் நிக்கும்னு நல்லா கேட்டியா?"

"நிக்கும்மா."

அக்கா உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஹாலில் சலசலப்பு ஆரம்பித்துவிட்டது. வாய வச்சிக்கினு சும்மா இருந்திருந்தா இன்னா என்றார் ஒருவர். ஊரு மானமே போச்சி என்றார் பேனருக்குப் பணம் கொடுத்தவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அந்தப் பேனர் வரியை அடித்தவன் நான். எந்த முகத்தோடு பிடிப்பது. அக்காவுக்குக் காது கேட்காமல் இருந்திருக்காது. சொம்பில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் எங்களை எடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பெரிதாகப் போட்டார்கள். அடுப்படியில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழவர். ராஜா அவருடைய பாராட்டைக் கையில் எடுத்தார். கிழவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். தான் எழுதி வைத்திருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு தன் பாஷையில் மெதுவாகப் பேசினார். கீழே இங்கிலீஷ் ஓடியது. சுகன்யா படித்துக்கொண்டே வந்தவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இன்னாடி சொல்றாரு?" என்றார் அக்கா.

"அவரு பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்து செத்துட்டாங்களாம். இருவத்தாறு வருசம் ஆச்சாம். பதினோரு நாளு அவரு வெளிய போயி பாக்கவே இல்லியாம். யாருகிட்டயும் சொன்னதில்லியாம் இதுவரைக்கும். உன்ன பாத்துட்டுதான் சொல்றாராம்."

அக்கா சொம்பைக் கீழே வைத்தார். திரையில் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் நேராக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் எந்தக் கட்டத்தில் தெரிந்தோமோ தெரியாது.

"எதுல புடிச்சி அளந்தாராம்?"

"எதுலயும் புடிக்கலம்மா. சும்மா மனசுக்குத் தோணினத எழுதினாராம்."

"ஒரு டின்னு எடுத்து வைக்கக்கூட அவரு வூட்ல ஆளு இல்லியா," என்றார் அக்கா. "பாவம்டி."